எட்டுக் காது மிட்டாய்க் கூம்பு

ஒரு ஊர்ல ஒரு மிட்டாய்க்காரி இருந்தா. ஊரு பேரு மிளகாநத்தம், அவ பேரு வெயிலாச்சி. பேருல மட்டுமா வெயில்? வாயிலயும் வெயில்தான். அவ "வாங்க"ன்னு சொன்னாலே மாடியில காயிற வத்தல் இன்னும் ஒரு சுத்து காயும். ம் கொட்டுடி. கொட்டலேன்னா கதை சண்டி மாடு மாதிரி இங்கேயே படுத்துக்கும்.

"ம்."

ஆங். அப்போ அந்த வெயிலாச்சி என்ன விப்பா? மிட்டாய்க் கூம்பு விப்பா. எப்படிச் செய்வாங்கிற? தடிச்ச கலர்த் தாளை எடுப்பா. தோசையைப் பாதியா வெட்டுன மாதிரி அரைவட்டமா வெட்டுவா. ஓரத்துல மைதாப் பசையை ஒரு இழுப்பு இழுப்பா. அப்புறம் சர்ர்ர்னு ஒரு சுருட்டு. கீழ்முனையைப் பிடிச்சு முறுக்குன்னு ஒரு முறுக்கு. அம்புட்டுத்தான், கூம்பு ரெடி. அடியில சீரக மிட்டாய், அதுக்கு மேல தேன்மிட்டாய், அதுக்கு மேல கமர்கட்டு, எல்லாத்துக்கும் மேல ஒரு துண்டு இஞ்சி மரப்பா. வாயை ஜிகினாத் தாளால மூடி, குஞ்சம் வச்சு, நூலால கட்டிட்டா, அடேயப்பா! கையில வாங்குன பிள்ளைக்குப் பிரிக்கவும் மனசு வராது, பிரிக்காம இருக்கவும் மனசு வராது. கல்யாணமா, சடங்கா, தீபாவளியா, பொங்கலா, அவ கூம்பு இல்லாம மிளகாநத்தத்துல ஒரு விசேஷமும் நடக்காது.

ஆனா அவளை ஏமாத்த மட்டும் ஒருத்தராலயும் முடியாது. ஏன்னா, சின்னப் புள்ளையில அப்பன் ஆத்தா இல்லாம அவ சந்தையில நின்னப்ப, ஒருத்தன் ஒரு கூம்பைக் காட்டி, பகல் பூரா மூட்டை தூக்க வச்சான். பொழுது சாய கூம்பைக் கையில கொடுத்தான். பிரிச்சா, உள்ள ஆத்து மணல். நறநறன்னு. அன்னைக்கு அழுதவதான், அப்புறம் அழவே இல்ல. அன்னையில இருந்து யார் என்ன சொன்னாலும் நம்ப மாட்டா. "மழை பெய்யுது"ன்னா, "எங்கே, நனைஞ்சு காட்டு"ம்பா. பேரம் பேசாம பச்சைத் தண்ணி குடிக்க மாட்டா. காக்காய்க்குச் சோறு வச்சாக்கூட, "ஒரு உருண்டைக்கு ஒரு கா பத்தாது, நாலு கா போடு"ன்னு நிப்பா. காக்காயும் போட்டுட்டுத்தான் போகும், கா கா கா கா.

அப்புறம் ஒருநாள், அரண்மனைச் சேவகன் வந்தான். குதிரை டக்கு டக்கு டக்கு. "வெயிலாச்சி அக்கா, அரண்மனையில காது குத்தப் போறோம். ஊருக்கே கொடுக்கணும். ஆயிரம் மிட்டாய்க் கூம்பு வேணும்."

வெயிலாச்சி நிமிர்ந்து பார்த்தா. ஆயிரமா? எந்த மகராசன்டா ஆயிரம் கூம்பு கேப்பான்? மணல் கூம்பு ஞாபகம் வந்து காது மடல் சிவந்துபோச்சு. "ஏலே, எனக்கேவா காது குத்துற?"

உனக்குத் தெரியும்ல, ஒருத்தரை ஏமாத்துனா காது குத்துறதுன்னுதானே சொல்வோம்? அவ அதைச் சொன்னா. சேவகன் பாவம், வேற மாதிரி எடுத்துக்கிட்டான். "உங்களுக்கு இல்லக்கா. குட்டி ராணிக்கு."

"எதிர்த்தா பேசுற!" பசைக் கரண்டியை எடுத்து ஒரு வீசு. சொத்! சேவகன் நெத்தியில பசை. குதிரை டக்கு டக்குன்னு திரும்பி ஓடிப்போச்சு, சேவகனை விட்டுட்டு.

மறுநாள் மந்திரி வந்தார், தாடியைத் தடவிக்கிட்டு. "அம்மா, காதுகுத்து நிசந்தான்."

"நிசமான காதுகுத்தா? இத்தனை வருசத்துல நான் பார்த்த காதுகுத்தெல்லாம் பொய்யாத்தான்யா இருந்துச்சு!" சொத்! தாடியில பசை. மந்திரி தாடி மார்போட ஒட்டிக்கிச்சு. அண்ணாந்து பார்க்க முடியாம, தரையைப் பார்த்துக்கிட்டே வீடு போய்ச் சேர்ந்தார்.

தூங்கிட்டியா?

"இல்ல. அப்புறம்?"

அப்புறம் மூணாம் நாள் ராஜாவே வந்துட்டார். நல்ல வெயில். தலை வேர்க்குதேன்னு கிரீடத்தைக் கழட்டி கக்கத்துல இடுக்கிக்கிட்டு, நடந்து வர்றார். வெயிலாச்சிக்கு ராஜான்னு தெரியல. பழைய பித்தளைச் சட்டியை விக்க வந்த ஆளுன்னு நினைச்சுட்டா.

"சட்டி ஓட்டை மாதிரி இருக்கே? விளிம்பெல்லாம் பல்லு பல்லா நிக்குது. எனக்கு வேணாம், போ."

ராஜா நல்ல மனுசர், கோபப்படல. "சட்டி விக்க வரலம்மா. காது குத்தத்தான்..."

அவ்வளவுதான். எந்திரிச்சா பாரு வெயிலாச்சி! சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு, தெருவே கேக்கிற மாதிரி கத்துனா: "யாருகிட்ட? நாலு ஊருக்குக் காது குத்துனவய்யா நானு! எனக்கேவா?"

ராஜா முகம் பளிச்சுன்னு ஆயிருச்சு. "நாலு ஊருக்குக் குத்துனியா? தாயே! உன்னைத்தானே நான் தேடிக்கிட்டிருக்கேன்!"

என்னன்னா, அந்த ராஜாவுக்கு மாதுளைன்னு ஒரே மக. ஆறு வயசு, அறுபது பல்லு. அவளுக்குக் காது குத்த மூணு ஆசாரி வந்தாங்க. முதல் ஆசாரி ஊசியைத் தூக்குனார், லபக், விரலைக் கடிச்சுட்டா. ரெண்டாவது ஆசாரி, லபக், மூக்கைக் கடிச்சுட்டா. மூணாவது ஆசாரி ஊசியையே எடுக்கல, "நான் சும்மா பார்க்கத்தான் வந்தேன்"னார். அவரையும் லபக். அதுக்கப்புறம் நாலு சீமையில ஒரு ஆசாரியும் அந்தப் பக்கம் தலை வைக்கல.

ராஜா கிரீடத்தை எடுத்துத் தலையில வச்சார். அப்பத்தான் வெயிலாச்சிக்கு உறைச்சது. ஐயையோ, சட்டி இல்ல! ஆனா வாயை விட்டாச்சு. நான் குத்துனது வேற காதுன்னு இப்பப் போய்ச் சொல்ல முடியுமா? ராஜாகிட்டயே பொய் சொன்னியான்னு கேப்பாரே!

ராஜா சொன்னார்: "நாளைக்குச் சூரியன் உச்சிக்கு வர்றதுக்குள்ள ரெண்டு காதும் குத்தி முடிச்சிரணும். குத்துறப்ப என் மக அழவும் கூடாது. அழுதான்னா உன் வாய்க்குப் பூட்டு. ஆயுசுக்கும் நீ பேரம் பேசக் கூடாது. சொன்ன விலைக்கு வாங்கணும், கேட்ட விலைக்குக் கொடுக்கணும்."

வெயிலாச்சிகிட்ட கையை வெட்டுறேன்னு சொல்லியிருந்தா, "எந்தக் கை?"ன்னு ஒரு மணி நேரம் பேசியிருப்பா. பேசவே கூடாதுன்னா? வாய் ஒண்ணுதானே அவ சம்பாதிச்ச சொத்து! அதை வச்சுத்தானே சந்தையில நின்ன சின்னப் புள்ளை இம்புட்டுக்கு வந்தா! சொன்ன விலைக்கு வாங்குறதும் மணல் கூம்பை வாங்குறதும் அவளுக்கு ஒண்ணுதான்.

அப்புறம் அன்னைக்குப் பூரா குனிஞ்ச தலை நிமிராம கூம்பு சுருட்டுனா. சர்ர், முறுக், சர்ர், முறுக். ஊருக்குக் கொடுக்க ஆயிரம். சுருட்டிக்கிட்டே யோசிச்சா. எனக்குத் தெரிஞ்சது கூம்பு. கூம்பை வச்சுத்தான் குத்தணும்.

மறுநாள் விடிஞ்சுது. அரண்மனை முத்தத்துல பந்தல். மேளம் டும் டும் டும். விருந்துக்கு வெட்ட ஒரு கிடா, தூண்ல கட்டியிருக்கு. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தானே காது குத்தணும், மாமன் பேரு சங்கிலி, பட்டு வேட்டி கட்டி, மீசையை முறுக்கி, மடியை விரிச்சு உக்காந்திருக்கார். மடியில மாதுளை. பல்லைக் காட்டிக்கிட்டு.

வெயிலாச்சி முதல் கூம்பை நீட்டுனா. பூராவும் கமர்கட்டு. அவ கணக்கு என்னன்னா, கமர்கட்டு பல்லுல ஒட்டிக்கிட்டா வாய் திறக்க முடியாது. வாய் திறக்கலேன்னா அழுகையும் வராது, கடியும் வராது. மாதுளை மூணு கமர்கட்டை ஒண்ணாப் போட்டா. கடக், முடக். ஒட்டிக்கிச்சு! வெயிலாச்சி மெதுவா ஊசியை எடுத்தா.

மாதுளை ஊசியைப் பார்த்தா. த்தூ! துப்புனா பாரு, மூணு கமர்கட்டும் பறந்து போய் மாமன் மீசையில பச்சக்குன்னு ஒட்டிக்கிச்சு. மாமன் "ஐயோ என் மீசை!"ன்னு எந்திரிச்சார், மடி போச்சு, புள்ளையும் ஓடிப்போச்சு. ம்?

"ம்..."

அப்போ ரெண்டாவது கூம்பு. நீளமான கூம்பு, ஏழு முழம். தரையில படுக்கப் போட்டா. மிட்டாயெல்லாம் முனைப் பக்கம். தின்னணும்னா புள்ளை உள்ள தவழ்ந்து போகணும். முனை போகப் போகக் குறுகும்ல, தலை போய் மாட்டிக்கிட்டா, ஆடாம அசையாம இருக்கிறப்ப வெளிய இருந்தே குத்திரலாம். நல்ல யோசனைதானே? ஆனா கூம்பு சுருட்டுறப்ப மாமன் வந்து, "என் மீசைக்கு வழி சொல்லு"ன்னார். "மீசையை மழிச்சுரும்!"னா இவ. "தாய்மாமன் மீசையை மழிக்கிறதா! விசேஷ வீட்டுல பேசுற பேச்சா இது?"ன்னார் அவர். "அப்ப முக்கால்வாசியை மழியும்!"னா. "கால்வாசி!" "அரை!" பேரம் முத்திப்போச்சு. பேரத்துல வெயிலாச்சி ஒண்ணை மறந்துட்டா.

முனையை முறுக்கல.

வாழ்க்கையில முதல் தடவையா! இந்தப் பக்கம் மாதுளை தவழ்ந்து போனா, அந்தப் பக்கம் மிட்டாய் சலசலசலன்னு கொட்டுச்சு. கிடா கயித்தை அத்துக்கிட்டு வந்து அம்புட்டையும் முழுங்கிருச்சு. மாதுளை மிட்டாயைத் தேடிப் போய்க்கிட்டே இருந்தா, முட்டி மோதி முனையைக் கிழிச்சுக்கிட்டு அந்தப் பக்கமாவே வெளிய வந்து நின்னா. "எங்க மிட்டாய்?"னு கேட்டா. கிடா ஏப்பம் விட்டுச்சு. ஏஏவ்.

சூரியன் ஏறிக்கிட்டே வருது. ராஜா வானத்தைப் பார்க்கிறார். வெயிலாச்சி வானத்தைப் பார்த்து, "கொஞ்சம் நின்னுதான் போயேன், உனக்கென்ன தலை போற அவசரம்?"னு கத்துனா. சூரியன் அவ பேச்சைக் கேட்டுச்சோ என்னமோ, ஒரு மேகத்துக்குப் பின்னால போய்க் கொஞ்சம் நின்னுச்சு.

அப்போ மூணாவது கூம்பு. "இருக்கிற தாளெல்லாம் கொண்டாங்க!"ன்னா. பட்டத்துக்கு வச்சிருந்த தாள், பந்தல்ல ஒட்டுன தாள், மந்திரி எழுதி வச்ச சட்டமெல்லாம் கொண்டாந்தாங்க. சட்டம் நல்லாத் தடிச்ச தாளு, கூம்புக்கு அம்சமா இருந்துச்சு. விருந்துக்குச் சோறு வடிக்கிற அண்டாவுல பசை காய்ச்சி, துடைப்பத்தால தடவி, பத்துப் பேரு சேர்ந்து சர்ர்ர்ர்னு சுருட்டி, ஏணி போட்டு ஏறி முனையை முறுக்கி... இந்தத் தடவை மறக்காம முறுக்குனா, மூணு முறுக்கு... கோபுரம் மாதிரி ஒரு கூம்பு! வாய் கீழ, முனை மேல. குடிசை மாதிரி நிக்குது. உள்ள மிட்டாயெல்லாம் நூல்ல தொங்குது. நூலோட நுனி எல்லாம் வெளிய. சுத்தி வர ரெண்டு ரெண்டா ஓட்டை.

"கேட்டுக்கோங்க. உள்ள போய் உக்காந்து, ஓட்டை வழியா காதை வெளிய நீட்டி, வாயைத் திறந்து வச்சுக்கிடணும். நான் நூலை இழுப்பேன். வாயில மிட்டாய் விழும். ஒரு காதுக்கு ஒரு மிட்டாய்!"

சொல்லிட்டு மறுபக்கம் போய் ஊசியையும் வேப்பங்குச்சியையும் எடுத்துக்கிட்டா. குத்துன ஓட்டை தூந்து போகாம இருக்க வேப்பங்குச்சி சொருகணும்ல, அதுக்கு. அங்க இருந்து பார்த்தா காது மட்டுந்தான் தெரியும், ஆளு தெரியாது.

ஒரு காது வந்துச்சு, மொளுக்குன்னு. லேசா முடி இருந்துச்சு. "ராஜ வம்சம், இருக்கும்"னு நினைச்சுக்கிட்டா. நூலை இழுத்தா, டொப்புன்னு தேன்மிட்டாய் விழுந்துச்சு, அதே நேரத்துல ஊசி, சுருக்! உள்ள இருந்து "ம்ம்ம்"னு ஒரு சத்தம். அழுகை இல்ல, ருசி! அடுத்த காது. டொப், சுருக்! "ம்ம்ம்." ரெண்டும் முடிஞ்சுது! வெயிலாச்சி பெருமூச்சு விட்டா.

மூணாவதா ஒரு காது வந்துச்சு.

"புள்ளைக்கு எத்தனை காது?"ன்னு யோசிச்சா. சரி, முதல்ல குத்துனது எதுன்னு தெரியல, இதையும் குத்திருவோம்னு டொப், சுருக்! நாலாவது, டொப், சுருக்! அஞ்சாவது காது கொஞ்சம் ஒட்டுச்சு, கமர்கட்டு வாசம் அடிச்சுது. சுருக்! ஆறாவது, சுருக்! ஏழாவது நீளமா, வெத்தலை மாதிரி தொங்குச்சு. "பாவம், வெயில்ல வாடிப்போச்சு"ன்னு அதையும், சுருக்! எட்டாவது, சுருக்! "மே"ன்னு ஒரு சத்தம்.

மேயா?

அப்போ யாரோ முந்தானையைப் பிடிச்சு இழுத்தாங்க. திரும்பிப் பார்த்தா, மாதுளை! வெளிய நிக்கிறா, கையில ஒரு கூம்போட, ஊருக்குன்னு வச்ச ஆயிரத்துல ஒண்ணு. "என்ன பண்றீங்க?"ன்னு கேட்டா.

வெயிலாச்சி பெரிய கூம்பைத் தூக்கிப் பார்த்தா. உள்ள ராஜா, மந்திரி, மாமன் சங்கிலி, கிடா. வரிசையா உக்காந்து, வாயைத் திறந்துக்கிட்டு. எட்டுக் காதுலயும் வேப்பங்குச்சி. காதுக்கு ஒரு மிட்டாய்னா யாருதான் விடுவா!

தூங்காத, இதுதான் இடம்.

மேகம் விலகுது. சூரியன் உச்சிக்கு ஒரு முழந்தான் பாக்கி. எட்டுக் காது குத்தியாச்சு, குத்த வேண்டிய ரெண்டு காது அப்படியே இருக்கு. ஆனா வெயிலாச்சி சந்தையில வளர்ந்தவ. அவளுக்கு ஒண்ணு தெரியும். கூவிக் கூவி வித்தா சீந்த மாட்டாங்க. கடையை எடுத்துக் கட்டு, ஓடி வருவாங்க.

ஊசியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. "சரிப்பா, முடிஞ்சுது. நான் வாரேன்"னு கிளம்பிட்டா.

மாதுளை சுத்திப் பார்த்தா. அப்பா காதுல குச்சி. மந்திரி காதுல குச்சி. மாமா காதுல குச்சி. ஆட்டுக் காதுல கூடக் குச்சி! "எனக்கு?"ன்னா.

"உனக்கு எதுக்கு? உன் காது சின்னது."

"சின்னது இல்ல!"

"நாளைக்குப் பார்ப்போம்."

"இப்பவே!"

"ஒரு காதுதான் குத்துவேன்."

"ரெண்டு!"

"ஒண்ணு!"

"ரெண்டு! ஆட்டுக்கு மட்டும் ரெண்டு குத்துனீங்க!"

"சரி, உன் மூஞ்சிக்காக ரெண்டு. அசையக் கூடாது, அழக் கூடாது. அழுதா ஒண்ணுதான்."

மாதுளை மாமன் மடியில தானே ஏறி உக்காந்தா. சுருக்! அசையல. சுருக்! இமைக்கல. சூரியன் கரெக்டா உச்சியில வந்து நின்னுச்சு. மேளம் டும் டும் டும்! வெயிலாச்சிக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு.

அப்போ மாதுளை கேட்டா: "கொசுறு?"

"என்னது?"

"ரெண்டு வாங்குனா ஒண்ணு கொசுறு தரணும்ல? மூக்குல குத்துங்க."

"கொசுறா! என் கடையில கொசுறே கிடையாது!"

மாதுளை மூக்கு விடைச்சுது. உதடு பிதுங்குச்சு. அப்புறம், ஆஆஆஆஆஆ! அழுதா பாரு, பந்தல் ஆடிப்போச்சு, பக்கத்து ஊர்ல பால் திரிஞ்சுபோச்சு.

ராஜா எந்திரிச்சார், காதுக் குச்சி ஆட. "அழுதுட்டா! வெயிலாச்சி, உன் வாய்க்குப் பூட்டு!"

வெயிலாச்சி இடுப்புல கையை வச்சா. "எதுக்கு அழுறான்னு கேளுங்க! குத்துறப்ப அழக் கூடாதுன்னுதானே பேச்சு? இது குத்துறதுக்கு அழுற அழுகையா? குத்தலயேன்னு அழுற அழுகை! பேச்சுன்னா பேச்சு. ராஜாவா இருந்தா என்ன, கூஜாவா இருந்தா என்ன?"

ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி சட்டத்தைப் பார்க்கலாம்னா, சட்டமெல்லாம் கூம்பா நிக்குது. கிழிச்சாத்தான் படிக்கலாம். கூம்பைக் கிழிக்க யாருக்கும் மனசு வரல. மந்திரி சொன்னார், "அந்தம்மா சொல்றது நியாயந்தான்." கிடாவும் "மே"ன்னுச்சு. காது குத்துன பிள்ளையை யாராச்சும் வெட்டுவாங்களா? அதனால அன்னைக்கு விருந்துல சாம்பார் சாதந்தான். ஊரு பூரா ஆளுக்கு ஒரு கூம்பு வாங்கிக்கிட்டு, சலசலன்னு குலுக்கிக்கிட்டே வீட்டுக்குப் போனாங்க.

கேக்குதா?

"...ம்."

அப்புறம் ராஜா, "உன் வாய் உனக்கே. அதுக்கு மேல என்ன வேணுமோ கேளு"ன்னார்.

வெயிலாச்சி நல்லா யோசிச்சு, "அரண்மனை வாசல்ல கடை போட இடம் வேணும்"னா.

"எடுத்துக்கோ"ன்னார் ராஜா. உடனே. ஒரு மூச்சுகூட விடல.

வெயிலாச்சி மூஞ்சி சுருங்கிப்போச்சு. கேட்டதும் கொடுத்துட்டாரே! அப்ப கம்மியா கேட்டுட்டமோ? "என்னங்க இது? உடனே சரிங்கிறீங்க? முடியாதுன்னு சொல்லுங்க!"

"ஏம்மா? கொடுக்கத்தானே செய்யிறேன்."

"இழுத்துப் பறிக்காம வாங்குனா எனக்கு அது செரிக்காது. முடியாதுன்னு சொல்லுங்கய்யா!"

ராஜா தலையைச் சொரிஞ்சார். "சரி... முடியாது."

"முடியாதா! யாரைப் பார்த்து முடியாதுங்கிறீங்க? எட்டுக் காது குத்தியிருக்கேன்! பத்தடி கொடுங்க!"

"ரெண்டடி"ன்னார் ராஜா. அவருக்கும் லேசா ருசி தட்டிருச்சு.

"ஒம்பது!"

"ரெண்டரை!"

அப்படியே உக்காந்துட்டாங்க ரெண்டு பேரும், எதிரும் புதிருமா. விருந்துக்கு வந்தவங்க போயாச்சு. மாமன் பாதி மீசையோட ஊருக்குக் கிளம்பியாச்சு. பந்தலையும் பிரிச்சாச்சு. இவங்க மட்டும் இன்னும் எந்திரிக்கல. அழுது களைச்ச மாதுளை கிடா மேல சாஞ்சு படுத்துட்டா. கிடாவும் வாயை அசைபோட்டுக்கிட்டே கண்ணை மூடிருச்சு. "எட்டரை"ங்கிறா வெயிலாச்சி. "மூணு"ங்கிறார் ராஜா. "எட்டேகால்." "மூணேகால்." குரல் தணிஞ்சுக்கிட்டே போகுது... எட்டு... மூணரை... ஏழே முக்கால்... நாலு...

கதை போன வழியில தூக்கம் வருது, கதவைத் திறந்து விட்டாச்சு. தூங்கு.